தொடாதீர்கள், ஒத்திகை நடக்கிறது

நாற்பத்தோரு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் முப்பத்தெட்டுப் பேர் தாண்டிப் போனார்கள். இரண்டு பேர் சுற்றிப் போனார்கள். ஒருவர் கைதட்டினார்.

கைதட்டியவர் இப்போது தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்தார்.

"என்னங்க பண்றது? அவ்வளவு தத்ரூபமா இருந்துச்சு. போன வருஷம் நோயாளியா படுத்தவன் பாதியில சிரிச்சுத் தொலைச்சான். இவர் இமைகூட அசைக்கல. பாராட்டணும்னு தோணுச்சு."

"தலையில ரத்தம் இருந்துச்சே?" என்றாள் அண்ணி.

"எப்பவும் சிவப்பு மை ஊத்துவாங்கம்மா. இந்த வருஷம் கொஞ்சம் ஒசத்தியான மையா வாங்கியிருக்காங்கன்னு நினைச்சேன்."

கொழுந்தன் நோட்டுப் புத்தகத்தில் 'ஒசத்தி மை' என்று எழுதி இரண்டு கோடு போட்டான். அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு ரெண்டு கோடு?"

"ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணு எனக்கு. நானா இருந்தாலும் அப்படித்தான் அண்ணி நினைச்சிருப்பேன்."

அண்ணி பத்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். அதை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, வீட்டில் வெட்டியாக இருந்த கணவனின் தம்பியை வண்டி ஓட்டக் கூப்பிட்டாள். வந்தவன் வண்டியோடு வாயையும் சேர்த்து ஓட்டினான். அண்ணி இரண்டையும் பொறுத்துக்கொண்டாள்.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது ஒரு லைஃப் ஜாக்கெட் தொழிற்சாலையில். கடலில் விழுகிறவர்களை மிதக்க வைக்கும் ஆரஞ்சு நிறச் சட்டைகள் மலை மலையாகக் குவிந்திருந்தன. மூன்று நாளைக்கு முன்னால் இங்கே வருடாந்தர ஆபத்துக்கால ஒத்திகை நடந்தது. பத்தரை மணிக்குச் சங்கு ஊத, எல்லாரும் வரிசையாக வெளியேற, நாலு ஊழியர்கள் அங்கங்கே காயம்பட்ட மாதிரி படுத்துக்கொள்ள வேண்டியது. அதே நேரத்தில் கிடங்கு மேலாளர் தாழ்வாரத்தில் மண்டை உடைந்து நிஜமாகவே விழுந்து கிடந்தார். அவர் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. 'ஒத்திகை நோயாளி. தொடாதீர்கள்.'

யாரும் தொடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற ஊழியர்கள்.

பத்தே முக்காலுக்குத் தரை துடைக்க வந்த துப்புரவுப் பெண் ஒருத்திதான் தொட்டாள். தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் மாப் அக்கா. தொட்டாள், கத்தினாள், தன் போனிலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மேலாளர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாப் அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

அண்ணியின் அலுவலகத்துக்குக் கீழே இஸ்திரி போடுகிறவள் மாப் அக்காவின் தங்கை. நேற்று சூடான பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டு மாடியேறி ஓடிவந்து அழுதாள். அப்படித்தான் இந்த வழக்கு வந்தது. இன்றைக்கு மூன்று மணிக்குக் கொலைமுயற்சி என்று எழுதிவிடப் போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். இப்போது மணி பன்னிரண்டு.

காலையில் ஸ்டேஷனில் நடந்தது கொழுந்தனுக்கு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"போன வாரம் படி ஈரமா இருக்குன்னு மேலாளர் உன்னைத் திட்டினாரு. பாதுகாப்பு அதிகாரி ரூமைக் கூட்டறவ நீ. அட்டைக்கட்டு இருக்கறது அங்கதான். நாற்பத்தோரு பேருக்குத் தெரியாதது உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அவங்க அட்டையப் பார்த்தாங்க சார். நான் தரையப் பார்த்தேன். ஈரமா இருந்துச்சு. நடிக்கிற மனுஷன் பேன்ட்ட நனைச்சுக்குவானா? தொடைக்கப் போறவ நான், எனக்குத் தெரியாதா?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "பதில் ரொம்ப நல்லா இருக்கு. இவ்வளவு நல்ல பதில் யாராவது யோசிச்சு வச்சிருந்தாத்தான் வரும்."

உதவி செய்யாத நாற்பத்தோரு பேரும் சாட்சி. உதவி செய்த ஒருத்தி குற்றவாளி. சட்டம் எவ்வளவு எளிமையானது என்று கொழுந்தன் வியந்துபோனான்.

"டீ சொல்லட்டுமாம்மா?"

குரல் கொடுத்தவர் பாதுகாப்பு அதிகாரி. காலையிலிருந்து இவர்களோடு கூடவே நடக்கிறார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கலாம். கழுத்தில் விசில், பையில் மூன்று பேனா, வாயில் விதி.

"பாவம் அந்தம்மா. பதற்றத்துல தள்ளிவிட்டிருக்கும். விதி நாலு மட்டும் தெரிஞ்சிருந்தா மாட்டியிருக்கவே மாட்டா."

"அது என்ன விதி நாலு?" என்றான் கொழுந்தன்.

"நோயாளியை மஞ்சள் கோட்டு போட்ட முதலுதவி ஆள் மட்டும்தான் தொடலாம். வேற யாரு தொட்டாலும் அந்தப் பிரிவுக்கு அஞ்சு மார்க் குறைப்போம். இல்லேன்னா எல்லாரும் ஆர்வக்கோளாறுல உதவி பண்ணிடுவாங்க சார். ஒத்திகை கெட்டுப்போயிடும்."

"அப்ப மாப் அக்கா எந்தப் பிரிவுக்கு அஞ்சு மார்க் நஷ்டம் பண்ணாங்க?"

"அவங்க ஒப்பந்த ஆளுங்க. எந்தப் பிரிவுலயும் வரமாட்டாங்க. அன்னிக்குப் பத்து மணிக்கே அவங்களை கேட்டுக்கு வெளியில உட்கார வச்சிடுவோம். காப்பாத்த வேண்டியவங்க பட்டியல்ல அவங்க பேர் இல்ல."

"நிஜமா தீப்பிடிச்சா?"

அதிகாரி இந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்கிறவர் போல நின்றார். "அதுக்குத் தனி விதி வரணும்" என்றார்.

அண்ணி தன் போனில் இருந்த படத்தை நீட்டினாள். மேலாளர் கழுத்தில் கிடந்த அட்டையைப் போலீஸ் எடுத்த படம். "இதோட கீழ்ப்பக்கம் பிசிறு பிசிறா இருக்கே சார்?"

"விழுந்த வேகத்துல கிழிஞ்சிருக்கும்மா" என்றார் அதிகாரி உடனே. அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு போன் வந்தது. "ஒரு நிமிஷம்" என்று விசிலைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

அண்ணி அவர் போன திசையைப் பார்த்தாள். "கழுத்துல கயிறு கட்டித் தொங்கற அட்டை. விழுந்தா கயிறு அறும். அட்டை எப்படி நேர்கோட்டுல கிழியும்?"

"அண்ணன் ஏன் வீட்டுல வாயே திறக்கறதில்லைன்னு இப்பத்தான் புரியுது."

"உங்க அண்ணன் வாயைத் திறந்தா அதுல விடையே இருக்காது. வா. மஞ்சள் கோட்டு ஆள் யாருன்னு கேளு."

பேக்கிங் பிரிவில் விசாரித்ததும் நாலு பேர் ஒரே ஆளைக் கைகாட்டினார்கள். மூன்று வருடமாக ஒத்திகைக் கோப்பையை ஜெயிக்கிறவர். அதனால் அவர் பெயரே 'கோப்பை' ஆகிவிட்டது. வாட்டசாட்டமான மனிதர், டேப் ஒட்டும் வேலை.

"நோயாளியைக் கண்டுபிடிச்சா என்ன செய்வீங்க?" என்றாள் அண்ணி.

கோப்பைக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தோளைத் தட்டுவேன். மூச்சைப் பார்ப்பேன். ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன். அப்புறம் அட்டையோட கீழ்த் துண்டைக் கிழிச்சு நடுவர் மேஜையில கொடுத்துடுவேன். துண்டுக்குப் பத்து மார்க். யாரு முதல்ல கிழிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான்."

"துண்டைக் கொடுத்துட்டு நோயாளிகிட்ட திரும்பி வருவீங்களா?"

"எதுக்குங்க? அடுத்த ஆளைத் தேடணுமே."

"கிடங்குப் பக்கத் தாழ்வாரத்துல ஒருத்தரைத் தொட்டீங்களா?"

கோப்பையின் கையிலிருந்த டேப் சுருள் உருண்டு மேஜைக்கு அடியில் போனது. அதை எடுக்க அவர் குனியவில்லை.

"அது... மேலாளர்னு தெரியும்மா. ஆனா அவர் நடிக்க ஒத்துக்கிட்டாருன்னு நினைச்சேன். ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். வலிக்கிற மாதிரி முனகினாரு. நான்கூட, நல்லா பண்றீங்க சார்னு காதுல சொல்லிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கொழுந்தன் கிசுகிசுத்தான். "ஆள் கெடைச்சாச்சு அண்ணி. மூணு வருஷக் கோப்பை. நாலாவது வருஷமும் வேணும். நோயாளி பத்தலைன்னா ஒண்ணைத் தயார் பண்ணிக்க வேண்டியதுதானே?"

"பத்து மார்க்குக்காக மண்டையை உடைச்சவன், ஒருக்களிச்சு வேற படுக்க வைப்பானா? அப்படி வைக்கலேன்னா மேலாளர் அன்னிக்கே மூச்சுமுட்டிப் போயிருப்பார். உயிரைக் காப்பாத்தினவன் அவன். ஆனா மார்க்குக்காகக் காப்பாத்தியிருக்கான். அந்தத் துண்டு இப்ப எங்கேன்னு பார்ப்போம்."

துண்டைத் தேடிக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. வரவேற்பறைச் சுவரில், பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பூப்போட்ட தாள்மேல் அழகாக ஒட்டி வைத்திருந்தார்கள். மேலே 'வெற்றிப் பலகை' என்று எழுத்து. பேக்கிங் பிரிவுக்கு மூன்று துண்டு. கட்டிங்குக்கு ஒன்று. தையலுக்கு ஒன்று.

"நீங்கதான் ஒட்டினீங்களா?" வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டாள் அண்ணி.

"ஆமா மேடம். நடுவர் கொடுத்தாரு, ஒட்டினேன். பூத்தாள் என்னோட ஐடியா."

"எத்தனை நோயாளிங்கன்னு சொன்னாங்க?"

"நாலு."

"எத்தனை துண்டு ஒட்டியிருக்கீங்க?"

அந்தப் பெண் விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு விரலைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

மூன்று நாளாகத் தொழிற்சாலை முழுக்க இந்தக் கண்ணாடியைக் கடந்துதான் சாப்பிடப் போகிறது. ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

கொழுந்தன் கண்ணாடியில் மூக்கு இடிக்கப் படித்தான். ஒவ்வொரு துண்டிலும் மூன்று வரி: காயம், காரணம், நேரம். நாலு துண்டுகளில் ஒரே நீல மை, ஒரே நேரம். முதல் நாளே எழுதி வைத்தது. 'கால் எலும்பு முறிவு, இயந்திரம் இடித்தது, 10.30.' 'தீக்காயம், கம்பி உரசல், 10.30.' ஐந்தாவது துண்டு கறுப்பு மையில் இருந்தது.

"காயம்: பின்தலை. காரணம்: கிடங்குப் படியின் மூன்றாவது படியில் விளிம்புத் தகடு இல்லாததால் இடறி விழுந்தது. நேரம்: 10.12." படித்து முடித்து நிமிர்ந்தான். "அண்ணி, கற்பனைக் காயத்துக்கு எவனாவது மூணாவது படின்னு எழுதுவானா?"

"மாட்டான். அதுவும், கிடங்குப் படி கதவுக்கு உள்ளே இருக்கு. மேலாளர் கிடந்தது கதவுக்கு வெளியே. போலீஸே, தள்ளினதுல தாழ்வாரத் தூணுல மோதினாருன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கு. படியில விழுந்தாருன்னு தெரிஞ்ச ஆள் ரெண்டே பேர். ஒண்ணு விழுந்தவர்."

"இன்னொண்ணு எழுதினவர். சங்கு ஊதினது பத்தரைக்கு. பத்து பன்னிரண்டுக்கே பாக்கெட்டுல வெத்து அட்டையோட சுத்திக்கிட்டிருந்த ஆள் யாரு?" கொழுந்தன் சட்டென்று நிறுத்தினான். "மூணு பேனா!"

"அது மட்டும் இல்ல. பத்து மணியிலருந்து பத்தே முக்கால் வரைக்கும் மாப் அக்கா கேட்டுக்கு வெளியில. அவரே சொன்னாரு. காவலாளி நோட்டுலயும் இருக்கும். அவளை வெளியே தள்ளின விதியே அவளை வெளியே கொண்டுவரப் போகுது."

சாப்பாட்டு மணி அடித்தது. மூன்று பிரிவுகளும் டிபன் பாக்ஸோடு வரவேற்பறை வழியாகத் திரண்டு வந்தன. எதிர்த்திசையில் மாடிப்படியிலிருந்து இறங்கிய பாதுகாப்பு அதிகாரி, கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேரையும் பார்த்தார். ஒரு கணம் நின்றார். பிறகு ரொம்ப சாதாரணமாக நடந்து வந்து, "தூசி படிஞ்சிருக்கே, தொடைக்கக் கொடுக்கணும்" என்று சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார். நடை, பாதி வழியில் ஓட்டமானது.

"புடிங்க! யாராவது அவரைப் புடிங்க!" கொழுந்தன் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கத்தினான்.

ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். எல்லாரும் அதிகாரியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேர் படம் பிடிக்க போனை எடுத்தார்கள். அதிகாரிக்கு இரண்டு பேர் மரியாதையாக வழிகூட விட்டார்கள்.

"யாராவதுன்னு இங்க ஒருத்தரும் வேலை பார்க்கலை தம்பி" என்றாள் அண்ணி. வரவேற்பு மேஜைமேல் ஏறி நின்று விரலை நீட்டினாள். "நீங்க! நீலச் சட்டை, காதுல பென்சில்! வாசக் கதவைச் சாத்துங்க!"

நீலச் சட்டைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யார் காதிலும் பென்சில் இல்லை. கதவைச் சாத்தினார்.

"பச்சைப் புடவை, கையில ரெட்டை டிபன்! உங்க போன்ல போலீஸைக் கூப்பிடுங்க! கோப்பை! உங்களைத்தான்! அந்தக் கண்ணாடியை வாங்குங்க. அதுக்குள்ள இருக்கற கறுப்பு மைத் துண்டு உங்க கையால கிழிச்சது."

கோப்பை அசையவில்லை. அந்தத் துண்டு வெளியே வந்தால் நாலாவது வருடக் கோப்பை போகும். அது போனாலும் பரவாயில்லை, முனகிய மனிதரின் காதில் 'நல்லா பண்றீங்க' என்று சொன்ன கதை ஊர் முழுக்க வரும். பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அதிகாரியின் அக்குளிலிருந்து சட்டத்தை மெதுவாக உருவினார்.

"சார், இது நான் கிழிச்ச துண்டு. நான்தான் சாட்சி" என்றார்.

அதிகாரி வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கழுத்து விசில் மூச்சுக்கேற்ப ஏறி இறங்கியது.

"நான் தள்ளலைம்மா. சத்தியமா தள்ளலை. அவரா இடறினாரு. மூணு தடவை எழுதிக் கொடுத்தாரு, படியைச் சரி பண்ணச் சொல்லி. சரி செய்யப்பட்டதுன்னு நான் கையெழுத்து போட்டுட்டேன். அன்னிக்கு மேல் ஆபீஸ்லருந்து பார்க்க வந்திருந்தாங்க. நான் போகும்போது தாழ்வாரத்துக்கு ஊர்ந்து வந்திருந்தாரு. பேசினாரு. மூணாவது படி, மூணாவது படின்னாரு. அரை மணி நேரம்தானே, ஒத்திகை முடிஞ்சதும் சத்தமில்லாம கூட்டிட்டுப் போயிடலாம்னு..."

"அட்டையை மாட்டினீங்க. அதுல எதுக்கு உண்மையை எழுதினீங்க?"

அவர் அண்ணியை விநோதமாகப் பார்த்தார். "காரணம்னு கட்டம் இருக்கும்மா. கட்டத்தை நிரப்பாம எப்படி விடறது? பொய்யா எழுதினா அது தப்பில்லையா?" குரல் தணிந்தது. "அதோட, முப்பது வருஷமா நான் எழுதினதை யாரும் படிச்சதே இல்ல."

"அரை மணி நேரம் அவர் என்ன ஆனாருன்னு பார்த்தீங்களா?"

"மாடி ஜன்னல்லருந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நாற்பத்தோரு பேர் போறாங்க. ஒருத்தராவது விதியை மீறித் தொட்டுடுவாங்க, நம்ம பொறுப்பு விட்டுடும்னு நினைச்சேன். ஒவ்வொருத்தரா எண்ணினேன். கோப்பை மார்க்குக்காகத் தொட்டான், அவ்வளவுதான். விதியை மீறி ஒருத்தன்கூட தொடலைம்மா! இப்படியும் இருப்பாங்களா மனுஷங்க!"

கூட்டத்தில் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். அவமானத்தில் குனிந்தது என்று கொழுந்தன் நினைத்தான். ஆனால் கைதட்டிய தையல்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றார். உடனே பக்கத்திலிருந்தவருக்கும் அப்பவே சந்தேகம் வந்திருந்தது தெரிந்தது. அடுத்தவருக்கும். ஜன்னலில் அதிகாரியைப் பார்த்தவர்கள் ஆறு பேர் முளைத்தார்கள். யார் முதலில் சந்தேகப்பட்டது என்று சின்னத் தகராறே ஆரம்பித்தது.

இரண்டு மணி ஐம்பதுக்கு ஸ்டேஷன் நிரம்பி வழிந்தது. கோப்பை ஒரு மூலையில் நின்று, தலையை நிமிர்த்தாமல் வாக்குமூலம் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற சாட்சிகள் வாசல் வரை வரிசையில் நின்றார்கள்.

"என்னங்க இது, காலையில ஸ்டேஷன் பக்கம் ஒருத்தனும் வரலை" என்று தலையைப் பிடித்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

"காலையில நீங்க 'யாராவது வாங்க'ன்னு கூப்பிட்டிருப்பீங்க சார்" என்றான் கொழுந்தன்.

காவலாளியின் நோட்டு, ஐந்தாவது துண்டு, அதிகாரியின் வாக்குமூலம் மூன்றும் மேஜைக்கு வந்தன. இன்ஸ்பெக்டர் எழுதி வைத்திருந்த தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாப் அக்காவைப் பார்த்து, "நீ போகலாம்மா. தப்பா நினைச்சுக்காதே" என்றார்.

மாப் அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அந்த மனுஷன் எப்படி சார் இருக்காரு?"

இன்ஸ்பெக்டர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். கொழுந்தன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினான். காலையிலிருந்து இருபத்தேழு பக்கம் எழுதியிருக்கிறான். மை இருந்தது, விதி நாலு இருந்தது, மூன்றாவது படி இருந்தது. இதை யாராவது கேட்டிருப்பார்கள் என்றுதான் அவனும் நினைத்திருந்தான்.

"எந்த வார்டுன்னாவது தெரியுமா?"

வரிசையில் நின்ற சாட்சிகள் கூரையைப் பார்த்தார்கள்.

"சரி, நானே போய்க் கேட்டுக்கறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு, வரிசையை ஒதுக்கிக்கொண்டு மாப் அக்கா வெயிலில் இறங்கி நடந்தாள்.

கொழுந்தன் வண்டிச் சாவியைத் தேடி எல்லாப் பைகளிலும் கையை விட்டான். அண்ணி அதற்குள் அவளோடு சேர்ந்து தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.